பிப்பா: கையசைவுக்கு வைத்த பெயர்

பேரிக்காயை நெடுக்காகப் பிளந்தது போன்ற உடல், நான்கு தந்திகள், பின்பக்கம் சாய்ந்த தலை. வாசிப்பவர் அதைத் தொடைமேல் செங்குத்தாக நிறுத்தி, ஐந்து விரல்களாலும் தட்டி எழுப்புவார். சீன இசை என்றதும் பலருக்கும் மனதில் வரும் படங்களில் இதுவும் ஒன்று. இதன் பெயர் பிப்பா. சீன எழுத்தில் 琵琶.

இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் பலரும் வடிவத்தைத்தான் காட்டுவார்கள். சீனாவில் லோக்வாட் பழத்துக்கும் பிப்பா என்றே பெயர். பழமும் அதன் இலையும் ஒரு முனையில் குறுகி மறுமுனையில் அகன்றிருக்கும். அதனால் வடிவத்தை வைத்துத்தான் கருவிக்குப் பெயர் வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பழைய நூல்கள் வேறு கதை சொல்கின்றன. இந்தப் பெயர் முதலில் குறித்தது கருவியின் உருவத்தை அல்ல, வலது கையின் அசைவை. இதைப் பிடித்துக்கொண்டால் பிப்பாவின் குழப்பமான வரலாற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் லியூ ஷீ என்ற அறிஞர் 'ஷிமிங்' என்றொரு நூலைத் தொகுத்தார். பொருள்களுக்கு ஏன் அந்தந்தப் பெயர் வந்தது என்று விளக்கும் நூல் அது. அதில் பிப்பா பற்றிய பதிவு சுருக்கமானது. இது ஹூ மக்களிடமிருந்து வந்தது, குதிரை மேல் இருந்து வாசிப்பது. கையை முன்னால் தள்ளினால் 'பி', பின்னால் இழுத்தால் 'பா'. அதனால் இந்தப் பெயர். சீனாவுக்கு வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த இனங்களை மொத்தமாக 'ஹூ' என்று சொல்வது அந்தக் கால வழக்கம்.

அவருக்குச் சற்று முன்னால் எழுதிய யிங் ஷாவும் இதையேதான் சொல்கிறார். இது அண்மைக்கால இசைவாணர்கள் செய்தது, யார் செய்தது என்று தெரியாது, கையால் பி-பா என்று மீட்டுவதால் இப்படிப் பெயர் என்கிறார். அப்புறம் அந்தக் கால வழக்கப்படி அளவுகளுக்குத் தத்துவமும் சொல்கிறார். நீளம் மூன்று அடி ஐந்து அங்குலம், சீன அளவையில்: மூன்று என்பது வானம், பூமி, மனிதன், ஐந்து என்பது ஐம்பூதங்கள், நான்கு தந்தி என்பது நான்கு பருவங்கள். இசைக்கருவிகளை ஆதிகால மன்னர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது சீன மரபு. அந்த மரபுக்குள் நின்றுகொண்டே, 'யார் செய்தது என்று தெரியாது' என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்வதை நம்ப எனக்கு இதுவே போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

எழுத்து வடிவமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தப் பழைய நூல்களில் இந்தப் பெயர் 批把 என்று வருகிறது. இரண்டு எழுத்துக்கும் இடப்பக்கம் இருப்பது 'கை' என்ற உறுப்பு. சில இடங்களில் 'மரம்' என்ற உறுப்போடு 枇杷 என்றும் எழுதினார்கள். பழத்தின் பெயருக்கு இன்றும் அதே எழுத்துகள்தான். பிற்பாடுதான் 琵琶 நிலைத்தது. இதன் தலையில் இருக்கும் இரட்டை 王 போன்ற உருவம், சின் (琴), செ (瑟) ஆகிய மிகப் பழைய தந்திக் கருவிகளின் எழுத்துகளிலும் உண்டு. கை எழுத்தை எடுத்துவிட்டு அந்த உருவத்தைச் சூட்டியபோது, வெளியிலிருந்து வந்த ஒரு கருவியைச் சீனாவின் மதிப்புமிக்க தந்திக் கருவிகளின் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் இதைப் படிக்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தோடு பெயரின் பொருளும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

பாரசீகத்தின் பர்பத் என்ற தந்திக் கருவியின் பெயரே சீன வாயில் பிப்பா ஆனது என்று கருதுவோரும் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது; கருவிகளும் உறவுக்காரர்கள். அப்படியே இருந்தாலும், லியூ ஷீயும் யிங் ஷாவும் வாழ்ந்த ஹான் அரசர் காலத்துச் சீனர் காதில் அந்தப் பெயர் கையசைவாகத்தான் விழுந்தது என்பது மாறாது.

சரி, வடிவம் பொருளில் இல்லை என்றால் என்ன ஆகும்? தள்ளியும் இழுத்தும் மீட்டும் எந்தக் கருவிக்கும் அந்தப் பெயர் பொருந்தும். பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஹான் காலத்து நூலில் பிப்பா என்று வந்தால், இன்றைய பேரிக்காய் வடிவத்தை நினைத்துக்கொண்டு படிக்கக்கூடாது.

3ஆம் நூற்றாண்டில் ஃபு ஷுவான் என்ற கவிஞர் பிப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அதற்கு முன்னுரையும் தந்திருக்கிறார். அவர் வர்ணிக்கும் பிப்பாவுக்கு வட்டமான உடல், நேரான கழுத்து, நான்கு தந்தி, பன்னிரண்டு மெட்டுகள் (வீணையில் இருப்பது போல, தந்தியை வைத்து அழுத்தும் குறுக்குப் பட்டிகள்). பேரிக்காய்க்கு அங்கே இடமே இல்லை. அதன் பிறப்பைப் பற்றி அவர் கேள்விப்பட்ட கதையும் அழகானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹான் அரசு லியூ ஷீச்சுன் என்ற இளவரசியை மேற்கே இலி ஆற்றுச் சமவெளியில் இருந்த வூசுன் நாட்டு மன்னனுக்கு மணம் செய்து அனுப்பியது. வழிநெடுக அந்தப் பெண் ஊரை நினைத்து ஏங்குவாளே என்று, குதிரை மேல் வாசிக்க ஏதுவாக இந்தக் கருவியைச் செய்து கொடுத்தார்களாம். அந்நிய நாடுகளிலும் எளிதாகப் பரவட்டும் என்று பேச்சுவழக்கில் இருந்த சொல்லையே பெயராக வைத்தார்களாம். சீனச் சுவர் கட்டப் போன கூலியாட்கள் சிறு பறையில் நரம்பு கட்டி வாசித்ததுதான் இதன் தொடக்கம் என்ற இன்னொரு கதையையும் அவர் குறிப்பிடுகிறார். இரண்டையும் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 3ஆம் நூற்றாண்டிலேயே, படித்த ஒருவர், இந்தப் பெயரைப் புலவர்கள் வைத்த பெயராகப் பார்க்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

அந்த வட்ட வடிவப் பிப்பா பிறகு தன் பெயரையே இழந்தது. 'மூங்கில் தோப்பின் ஏழு சான்றோர்' என்று சீன இலக்கியம் கொண்டாடும் நண்பர் கூட்டத்தில் ஒருவர் ரவான் ஷியான். 3ஆம் நூற்றாண்டுக்காரர், இந்தக் கருவியில் பெரிய வித்தகர். நான்கு நூற்றாண்டுகள் கழித்து, பேரரசி வூ சூதியன் காலத்தில், ஒரு பழைய கல்லறையிலிருந்து வட்ட உடல் கொண்ட வெண்கலக் கருவி ஒன்று கிடைத்தது. அதற்குள் பிப்பா என்றாலே பேரிக்காய் வடிவம் என்று ஆகிவிட்டதால், இது என்ன கருவி என்றே யாருக்கும் விளங்கவில்லை. யுவான் ஷிங்சோங் என்ற அறிஞர் இது ரவான் ஷியான் வாசித்த கருவி என்று அடையாளம் சொன்னார். அதன் பேரில் மரத்தில் ஒன்று செய்து பார்த்தார்கள். வாசித்தவரின் பெயரே கருவிக்குப் பெயராயிற்று. இன்றும் சீன இசைக்குழுக்களில் ரவான் என்ற வட்டக் கருவி இருக்கிறது. அந்த அறிஞர் சொன்னது சரிதான் என்பதற்கு 1960இல் ஆதாரம் கிடைத்தது. நான்ஜிங் நகரின் ஷீஷான்சியாவ் பகுதியில் தோண்டிய கல்லறை ஒன்றின் செங்கல் சுவரில், ஏழு சான்றோரும் பெயரோடு செதுக்கப்பட்டிருந்தார்கள். ரவான் ஷியான் கையில் இருப்பது அந்த வட்டக் கருவியேதான்.

பேரிக்காய் வடிவம் மேற்கிலிருந்து வந்தது. காந்தாரச் சிற்பங்களிலும் ஆந்திராவின் அமராவதிச் சிற்பங்களிலும் இந்த வகைக் கருவிகளைப் பார்க்கலாம். மத்திய ஆசியாவின் பாலைவன நகரங்கள் வழியாக, 4ஆம் நூற்றாண்டு தொடங்கி, பௌத்தத்தோடும் வணிகத்தோடும் அது சீனாவுக்குள் நுழைந்தது. வளைந்த கழுத்தும் நான்கு தந்தியும் கொண்டது ஒரு வகை. நேரான கழுத்தும் ஐந்து தந்தியும் கொண்டது இன்னொரு வகை. இரண்டையும் சீனர்கள் பிப்பா என்றே அழைத்தார்கள். ஐந்து தந்தி வகையில் அக்காலத்துக் கருவி உலகில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது ஜப்பானின் நாரா நகரில் ஷோசோயின் கருவூலத்தில், 756இல் பேரரசரின் உடைமைகளாகக் கோயிலுக்குக் கொடுத்த பொருள்களோடு இருக்கிறது. அதன் முகப்பில் சிப்பி பதித்து ஒரு படம்: ஒட்டகத்தில் ஏறிப் போகும் ஒருவன், அவன் கையில் பிப்பா. கருவி எந்த வழியாக வந்தது என்பதைக் கருவியின் மேலேயே பதித்துவைத்திருக்கிறார்கள்.

தமிழர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் அடுத்து வருகிறது. 568இல் வட சோவ் பேரரசர் துருக்கிய இளவரசி ஒருத்தியை மணந்தார். அவளோடு வந்த பரிவாரத்தில் மத்திய ஆசியாவின் கூச்சா நகரைச் சேர்ந்த பிப்பாக் கலைஞர் ஒருவர் இருந்தார். சீன நூல்கள் அவரைச் சூஜிப்போ என்கின்றன. சுஜீவன் என்ற பெயராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சில ஆண்டுகள் கழித்து, சுயி அரசு வந்தபோது, அரசவை இசையின் சுருதிகள் குழம்பிக் கிடந்தன. சங் யீ என்ற அதிகாரி, இந்தக் கூச்சாக் கலைஞரின் பிப்பாவில் கேட்ட ஏழு பண்களின் அடிப்படையில் அதைச் சீர்செய்ய முயன்றார். அந்த ஏழின் பெயர்களும் சுயி வரலாற்று நூலில் சீன ஒலிப்பில் பதிவாகியிருக்கின்றன. ஒலியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அவை வடமொழிப் பெயர்கள் என்று கண்டார்கள். அவற்றில் சாதாரிதம், கைசிகம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், பஞ்சமம் என்ற ஐந்தும் உண்டு.

இப்போது புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலைக்கு வாருங்கள். அங்கே சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவுகளாக, ஏழு பண்களுக்கான சுரக்கோவைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முடிவில் தமிழில் 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்றொரு வரி. அந்த ஏழு பிரிவுகளில், மேலே சொன்ன ஐந்து பெயர்களும் இருக்கின்றன. தக்லமக்கான் பாலைவனத்தின் வடக்கு ஓரத்து நகரிலிருந்து வந்த ஒரு பிப்பாக்காரரின் விரலில் இருந்த பண்களும், புதுக்கோட்டைப் பாறையில் எழுதிய பண்களும், சுமார் ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குள், ஒரே இசைமரபின் பெயர்களைத் தாங்கியிருக்கின்றன. குடுமியான்மலையிலிருந்து சீனாவுக்கு இசை போனது என்று இதற்கு அர்த்தம் எடுக்கக்கூடாது. இரண்டுக்கும் பொதுவான இந்திய மரபு ஒன்று பின்னால் இருந்தது என்பதே சரி. ஆனாலும் இது நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது வரவேண்டிய செய்தி. அந்த ஏழில் பஞ்சமத்தின் பெயர் நெடுநாள் உயிரோடு இருந்தது. சீனத்தில் அது 'பான்ஷெ' ஆயிற்று. ஜப்பானின் அரசவை இசையான ககாக்குவின் ஆறு பண்களில் ஒன்றுக்கு இன்றும் 'பான்ஷிக்கி' என்றே பெயர்.

தாங் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை, பிப்பாவின் பொற்காலம். துன்ஹுவாங் குகை ஓவியங்களில் எங்கு பார்த்தாலும் இதைக் காணலாம். 112ஆம் குகையில் ஒரு பெண் கருவியை முதுகுப்பக்கம் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டே ஆடுகிறாள். அன்றைய பிப்பாவை வயிற்றுக்குக் குறுக்கே படுக்கவைத்துப் பிடித்தார்கள். மெட்டுகள் நான்கே நான்கு. வலது கையில் அகலமான ஒரு கட்டையைப் பிடித்து அதனால் தந்திகளை அடித்தார்கள்.

அந்தக் கட்டை இருந்தது என்பதை ஒரு கவிதையே நமக்குக் காட்டுகிறது. பாய் சூயீ 815இல் தலைநகரிலிருந்து யாங்சி ஆற்றங்கரையில் இருந்த சுன்யாங்குக்குப் பதவி இறக்கி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு எழுதிய நெடும்பாட்டுதான் 'பிப்பாப் பாட்டு'. இரவில் படகுத்துறையில் நண்பரை வழியனுப்பும்போது, வேறொரு படகிலிருந்து பிப்பா ஒலி கேட்கிறது. வாசித்தவள் ஒரு காலத்தில் தலைநகரில் புகழோடு இருந்தவள், இப்போது தேயிலை வியாபாரி ஒருவனின் மனைவி. அவள் வாசிப்பைப் பாய் சூயீ வர்ணிக்கும் வரிகளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'பெருந்தந்தி அடைமழையாய் இரைந்தது, சிறுதந்தி காதோடு காதாய்ப் பேசியது, இரண்டும் கலந்து வர, பெரிய முத்தும் சிறிய முத்தும் பச்சைக்கல் தட்டில் விழுந்தன.' வாசிப்பு முடியும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவள் கட்டையைத் தந்திகளின் நடுவே ஒரே இழுப்பாக இழுக்கிறாள். நான்கு தந்தியும் சேர்ந்து, பட்டுத்துணி கிழிவது போல ஒரே சத்தம். விரல் நகத்தால் அந்தச் சத்தம் வராது. கையில் கட்டை இருந்தால்தான் வரும்.

இதே பாட்டிலிருந்து ஒரு தொடர் அன்றாடப் பேச்சுக்கே வந்துவிட்டது. ஆயிரம் முறை கூப்பிட்ட பிறகு அந்தப் பெண் வெளியே வருகிறாள், 'பிப்பாவை அணைத்தபடி, முகத்தைப் பாதி மறைத்து'. விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் பாதியைக் காட்டிப் பாதியை மறைப்பவர்களைப் பற்றிச் சீனர்கள் இன்றும் இந்தத் தொடரைச் சொல்வார்கள். பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். பிற்கால ஓவியர்கள் இந்தக் காட்சியை வரையும்போது இன்றைய மாதிரி செங்குத்தாகப் பிடித்துத்தான் பெரும்பாலும் வரைந்தார்கள். அப்படிப் பிடித்தால் கழுத்து இயல்பாகவே முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் தாங் காலத்தில் வாசிக்கும் நிலையில் கருவி குறுக்கே கிடக்கும். அப்படியானால் முகத்தை மறைக்க அவள் அதை வேண்டுமென்றே மேலே தூக்கியிருக்க வேண்டும். கூச்சமா, தன் நிலைமை மாறிப்போன வருத்தமா, எதுவாகவும் இருக்கட்டும். அந்த அசைவு தெரிந்தால் வரி இன்னும் ஆழமாகிறது.

கட்டையை விட்டுவிட்டு விரலால் வாசிக்கும் முறையைப் பேரரசர் தைசோங் காலத்திலேயே (626–649) பெய் ஷன்ஃபு என்பவர் தொடங்கினார் என்று குறிப்புகள் உண்டு. அது பரவ நெடுங்காலம் பிடித்தது. விரல்முறை நிலைத்த பிறகு கருவி மெல்ல மெல்ல நிமிர்ந்தது, இடது கைக்குச் சுதந்திரம் கிடைத்தது, மெட்டுகள் கீழ்நோக்கிப் பெருகின. இன்றைய பிப்பாவில் கழுத்தில் ஆறு பெரிய மெட்டுகளும், பலகைமேல் இருபத்துநான்கோ அதற்கு மேலோ மூங்கில் மெட்டுகளும் இருக்கும். பட்டு நரம்பு போய், 1950களுக்குப் பிறகு உலோகத் தந்தி வந்தது. உலோகத்தை இயற்கை நகம் தாங்காது. அதனால் கலைஞர்கள் வலது கையின் ஐந்து விரலிலும் செயற்கை நகத்தை வைத்து ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

இன்று ஒரு மாணவர் பிப்பா வகுப்பில் சேர்ந்தால் முதலில் பழகுவது இரண்டு அசைவுகள். ஆள்காட்டி விரலின் நகத்தால் தந்தியை வெளிப்பக்கம் தள்ளுவது 'தான்'. கட்டைவிரலால் எதிர்ப்பக்கம் எடுப்பது 'தியாவ்'. 1,800 ஆண்டுகளுக்கு முன் லியூ ஷீ பி என்றும் பா என்றும் சொன்னது இந்த முன்னும் பின்னுமான இயக்கத்தையே, சொற்கள்தான் மாறிவிட்டன. இவை வசப்பட்ட பிறகு 'லுன்ஷி' வரும். ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தியை வெளியே தட்ட, கடைசியில் கட்டைவிரல் உள்ளே வாங்கிக்கொள்ளும். இந்தச் சுற்று இடைவெளி தெரியாமல் ஓடினால், விட்டு விட்டு ஒலிக்க வேண்டிய தந்தி, வில்லால் இழுத்தது போல நீண்டு ஒலிக்கும். ஐந்து விரலின் அடியும் ஒரே அளவில் விழவேண்டும். சுண்டுவிரல் பலவீனமாக இருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். கி.மு. 202இல் நடந்த காய்ஷியா போரைச் சொல்லும் 'பத்துத் திசைப் பதுங்கல்' என்ற புகழ்பெற்ற உருப்படியில், குதிரைக் குளம்பும் வாள்மோதலும் கேட்பதெல்லாம் இந்த விரல்களின் வேலை.

கையசைவாகத் தொடங்கிய சொல், சீன அன்றாட வாழ்க்கையில் இன்று முழுக்க வடிவத்தைத்தான் குறிக்கிறது. தோள்பட்டை எலும்புக்குப் 'பிப்பா எலும்பு' என்று பெயர். கான்டன் சமையலில் வாத்தைத் தட்டையாக விரித்துச் சுட்டால் 'பிப்பா வாத்து'. கரண்டிவாயன் என்று நாம் சொல்லும் பறவையின் சீனப் பெயரிலும் இந்தக் கருவியின் எழுத்து இருக்கிறது; அலகு அப்படி இருப்பதால். ஜப்பானின் மிகப் பெரிய ஏரிக்குப் பிவா என்று பெயர். பிவா என்பது பிப்பாவின் ஜப்பானிய உச்சரிப்பு, ஏரியின் வடிவமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். கொரியாவில் இது பிபா, வியட்நாமில் தீ பா. பெயர் போன இடமெல்லாம் கருவியும் போயிருக்கிறது.

பழமும் கருவியும் ஒரே ஒலியில் இருப்பதை வைத்துச் சீனத்தில் ஒரு கதை உண்டு. மிங் காலத்தில் ஒருவர் நண்பருக்கு ஒரு கூடை லோக்வாட் அனுப்பினார். கூடவே வைத்த சீட்டில் பழத்தின் எழுத்துக்குப் பதிலாகக் கருவியின் எழுத்தை எழுதிவிட்டார். வாங்கியவர் பதிலுக்கு ஒரு பாட்டு எழுதினார்: இந்தப் பிப்பா அந்தப் பிப்பா இல்லை, எழுத்து சரியாகப் படிக்காததே குறை, பிப்பா காய்க்கும் என்றால், ஊரில் உள்ள புல்லாங்குழலெல்லாம் பூத்திருக்குமே! யார் யாருக்கு எழுதினார்கள் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும், பாட்டு மாறாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழர்கள் இருமலுக்கு ஒரு கரண்டி குடித்திருக்கக்கூடிய கறுப்பு நிறப் 'பெய் பா கோவா' மருந்தில் வரும் பெய் பாவும் இந்தப் பழ மரத்தைத்தான் குறிக்கிறது. அதன் இலை இருமலுக்குச் சீன வைத்தியத்தில் பழைய மருந்து.

தாங் காலத்துப் பிடிமுறை எங்கேயும் மிஞ்சவில்லையா என்று கேட்டால், மிஞ்சியிருக்கிறது. ஃபூஜியன் மாகாணத்தின் சுவான்சோவ் நகரை மையமாகக் கொண்ட நான்யின் இசையில், பிப்பாவை இன்றும் குறுக்கே படுக்கவைத்துத்தான் வாசிக்கிறார்கள். கட்டை மட்டும் இல்லை, விரல்தான். நான்கு ஐந்து பேர் அமர்ந்து, அவசரமே இல்லாமல் பாடி வாசிக்கும் இசை அது. பிப்பாதான் அங்கே நடையைப் பிடித்துக் கொண்டுபோகும். 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஃபூஜியன் மக்கள் குடியேறிய தென்கிழக்காசிய ஊர்களுக்கும் அந்த இசை கூடவே போனது. சிங்கப்பூரில் 1941இல் தொடங்கிய சியோங் லெங் இசைச் சங்கம் இன்றும் அதை நடத்திவருகிறது. அந்த ஊரில் இருப்பவர்கள் அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனால், முன்வரிசையில் இடம் பிடித்து, வாசிப்பவரின் வலது கையை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்.